நாலாம் படுக்கைக்காரர் மரியாதையாகப் பேசிய நாள்

எங்கள் மருத்துவமனையில் பெண் நர்ஸ் என்றால் சிஸ்டர், ஆண் நர்ஸ் என்றால் பிரதர். தூத்துக்குடியில் இந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு வாழ்வது சுலபமில்லை. கடலோரம் முழுக்க மாதா கோயிலும் மடமுமாக இருக்கிற ஊர், பிரதர் என்றால் கல்யாணம் கட்டாத துறவி என்றுதான் அர்த்தம். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், கூட வந்த நண்பன் வாய் தவறி என்னை "பிரதர்" என்று கூப்பிட்டுவிட்டான். பெண்ணின் சித்தப்பா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"பிரதருங்காவ, பொறவு எதுக்குக் கல்யாணம்?"

நான் ஐசியூவில் நர்ஸ் என்று விளக்கினேன்.

"அங்கன என்ன வேலை?"

"தலையில அடிபட்டு வாரவங்களுக்கு நினைவு சரியா இருக்கான்னு மணிக்கு ஒரு தடவை பாக்கணும்."

"அதுக்குன்னு ஒரு ஆளா?" என்றார் அவர்.

ஆமாம், அதற்கென்று ஒரு ஆள். பதினாறு வருடமாக அந்த ஆள் நான். அந்தச் சித்தப்பா இப்போது எனக்கும் சித்தப்பா. இன்னும் அவருக்கு அந்தச் சந்தேகம் தீரவில்லை.

நினைவை அளப்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. கண் திறப்பதற்கு நாலு மதிப்பெண், பேச்சுக்கு ஐந்து, கை கால் அசைவுக்கு ஆறு. மொத்தம் பதினைந்து. இதில் பூஜ்யம் கிடையாது. எதுவுமே செய்யாமல் கிடந்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஒன்று போட்டு மூன்று கொடுத்துவிடுவோம். செத்துப்போனவருக்கும் மூன்று. அவர் படுத்திருக்கும் கட்டிலை அளந்தால் கட்டிலுக்கும் மூன்று. இவ்வளவு தாராளமான பரீட்சையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

பேச்சுக்கு மதிப்பெண் போடக் கேள்வி கேட்க வேண்டும். பெயர் என்ன, இது எந்த இடம், இது என்ன மாதம். கேட்பது எளிது, பதிலுக்கு மதிப்பெண் போடுவதில்தான் கஷ்டம். ஒருமுறை புன்னைக்காயல்காரர் ஒருவர், வயதான மீனவர், வள்ளத்தில் தலை மோதி வந்திருந்தார். புதிதாகச் சேர்ந்த சிஸ்டர் மாதத்தைக் கேட்டார். அவர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "கச்சான் காத்து எடுத்து பத்து நாளாச்சு" என்றார். சிஸ்டர் ‘குழப்பம்’ என்று எழுதி ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். கச்சான் என்பது மீனவர்கள் மாதத்தைக் கணக்கிடும் மேல்காற்று; பத்து நாள் சரியா என்று எனக்குத் தெரியாததால் அவருடைய மகனைக் கேட்டேன். "ஒம்பது நாளு. அப்பா எப்பவும் ஒரு நா கூட்டித்தான் சொல்லும்" என்றான். குறைத்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தோம்.

இன்னொருமுறை ஒரு டாக்டர், முதலமைச்சர் யார் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். நோயாளி சரியாகத்தான் சொன்னார். ஆனால் அவர் சொன்ன தொனி பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் பிடிக்கவில்லை. நெஞ்சுவலிக்காரர் அவர். இரண்டு கட்சியும் ஆக்சிஜன் குழாயோடு எழுந்து உட்கார்ந்துவிட்டன. அதோடு அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன்.

பேசாதவரிடம் கேள்வி கேட்க முடியாது. அவருக்கு வலி கொடுத்துப் பார்க்க வேண்டும். நகத்தின் மேல் பேனாவை வைத்து அழுத்துவது ஒரு முறை. கையை இழுத்துக்கொண்டால் சந்தோஷப்படுவோம். கண்ணாடிக்கு வெளியே நிற்கிற உறவினருக்கு அது எப்படித் தெரியும்? "அந்த நர்ஸ் எங்க மாமாவைக் கிள்ளுதான்" என்று என்மேல் இதுவரை மூன்று புகார் வந்திருக்கிறது. மூன்றாவது புகாரை எழுதிக் கொடுத்தது, குணமாகி எழுந்த அந்த மாமாவேதான்.

இந்தப் புகார்கள் எல்லாம் போய்ச் சேர்கிற இடம் எங்கள் குவாலிட்டி மேடத்தின் மேசை. மருத்துவமனையின் தரத்தைக் கவனிக்க நியமிக்கப்பட்டவர். கெட்டவர் இல்லை, யாருக்காவது பிறந்தநாள் என்றால் அவர்தான் கேக் வாங்குவார். அவருடைய நம்பிக்கை ஒன்றே ஒன்றுதான்: காகிதத்தில் கட்டம் என்று ஒன்று இருந்தால் அது நிரம்பியிருக்க வேண்டும். அதனால் எங்கள் ஆட்களில் சிலர் ஷிஃப்ட் தொடங்கும்போதே எட்டு மணி நேரத்துக்கும் பதினைந்து, பதினைந்து என்று எழுதிவைத்துவிட்டு நிம்மதியாக வேலை பார்ப்பார்கள். ஒருநாள் மதியம் ஆறாம் படுக்கை நோயாளியை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மாலை வரை அந்தக் காலிப் படுக்கை முழு நினைவோடு பதினைந்துக்குப் பதினைந்து வாங்கியது. அடுத்த வாரம் ஆய்வுக்கு வந்தவர்கள் அந்தக் காகிதத்தைப் புரட்டிப் பார்த்து, "மிகவும் சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள்" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

நாலாம் படுக்கைக்காரர் வந்தது அதற்கு அடுத்த மாதம்.

துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றுகிற லாரிகளின் சொந்தக்காரர். அறுபத்தைந்து வயதிருக்கும். லாரி ஷெட்டில் வண்டியின் படியில் ஏறி நின்று டிரைவரைத் திட்டியிருக்கிறார். திட்டி முடித்து இறங்கும்போது கால் வழுக்கி, தலை தரையில் அடித்துவிட்டது. இதயத்துக்காக, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். ஸ்கேனில் மண்டையோட்டுக்கு அடியில் மெல்லிய கோடாக ரத்தக்கசிவு தெரிந்தது. உடனே ஆபரேஷன் வேண்டாம், மாத்திரையை நிறுத்திவிட்டு மணிக்கு ஒரு தடவை நினைவைப் பாருங்கள் என்று சொல்லி ஐசியூவுக்கு அனுப்பினார்கள்.

முதல் நாள் முழுக்க அவர் என் பொறுப்பு.

"அண்ணாச்சி, உங்க பேரு என்ன?"

"ஏலே, உன் கையில இருக்க தாள்ல எழுதியிருக்கு. படிக்கத் தெரியாதா?"

"இது எந்த இடம்?"

"மனுசன் கிடக்கதுக்கு லாயக்கில்லாத இடம்."

"இது என்ன மாசம்?"

"ஒரு மணி நேரத்துக்கு முன்ன சொன்னேம்லா? அதுக்குள்ள மாறிட்டோ?"

பேச்சுக்கு முழுதாக ஐந்து போட்டேன். காலையில் வந்த உப்புமாவை ஒரு வாய் வைத்துவிட்டு, "இதை வச்சுச் சுவர் பூசலாம். திங்க முடியாது" என்றார். செல்போனை வாங்கி வைத்துவிட்டோம் என்று எங்கள் எல்லோரையும் திருடன் என்றார். எட்டு மணிக்கு ஊசி போட்ட சிஸ்டருக்கு ஒரு வசவு, பத்து மணிக்கு ரத்தம் எடுத்தவருக்கு வேறொரு வசவு. மதியம் அவர்கள் இருவரும் சேர்ந்து வந்தபோது ஆள் மாறாமல் அவரவர் வசவை அவரவருக்குக் கொடுத்தார். யார் எதைத் தப்பாகச் செய்தார்கள் என்று வரிசையாக அவருக்கு ஞாபகம் இருந்தது. சொன்னதையே திரும்பவும் சொல்லவில்லை. என் பதினாறு வருட அனுபவத்தில் இவ்வளவு தெளிவான மூளையைப் பார்த்ததில்லை என்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். "உங்களைத் திட்டினா தெளிவான மூளைதான்" என்றாள்.

மறுநாள் எனக்கு மதிய ஷிஃப்ட். காலையில் இருந்த சிஸ்டர் ஒவ்வொரு படுக்கையாகச் சொல்லி ஒப்படைத்துக்கொண்டு வந்தார். "நாலாம் படுக்கை, பதினைந்துக்குப் பதினைந்து. நல்லா ஒத்துழைக்கிறார்" என்றார்.

நான் பேனாவை நிறுத்தினேன். "யாரு ஒத்துழைக்கிறார்?"

"அவர்தான் பிரதர். இன்னைக்கு நல்ல மூட்ல இருக்கார்."

போய்ப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் மெதுவாகச் சிரித்தார்.

"வாங்க தம்பி. சாப்பிட்டீங்களா?"

பெயர் கேட்டேன், சொன்னார். இடம் கேட்டேன், "ஆஸ்பத்திரி" என்றார். மாதத்தையும் சரியாகச் சொன்னார். கண்ணில் விளக்கை அடித்துப் பார்த்தேன். இரண்டு கண்பாப்பாவும் ஒரே அளவு. கண்ணை மூடி இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னேன். மூளை அழுத்தப்பட்டால் ஒரு கை தானாக இறங்கும்; அவருக்கு இரண்டும் அப்படியே நின்றன. அளவுகோல்படி பதினைந்து. அன்றைக்கு ஐசியூவில் அவரைவிட நல்ல நோயாளி கிடையாது.

"செல்போன் வேணுமா அண்ணாச்சி?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"எதுக்குத் தம்பி? உங்களுக்குத்தான் தொந்தரவு."

நேராக டியூட்டி டாக்டரிடம் போனேன். படிப்பு முடித்து ஒரு வருடம் ஆனவர், இளைஞர். விஷயத்தைச் சொன்னேன்.

"பிரதர், பேஷண்ட் மரியாதையா பேசறதெல்லாம் ஒரு கம்ப்ளைன்ட்டா?"

"இவருக்கு அது கம்ப்ளைன்ட்தான் டாக்டர்."

"ஸ்கோர் எவ்வளவு?"

"பதினைந்து."

"சர்ஜன் சார்கிட்ட போன் பண்ணி நான் என்னன்னு சொல்லட்டும்? பேஷண்ட் நல்லவராயிட்டார், அவசரமா வாங்கன்னா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என்னிடம் இருந்தது ஒரு சங்கடம் மட்டும்தான். சங்கடத்துக்குக் கட்டம் கிடையாது. நோயாளியின் தாளில் குறிப்பு எழுதும் இடத்தில், ‘நோயாளி மரியாதையாகப் பேசுகிறார். கவலை தருகிறது’ என்று எழுதிவைத்தேன். எழுதிய பிறகு எனக்கே அது கிறுக்குத்தனமாகப் பட்டது. அரை மணிக்கு ஒரு தடவை கையை நீட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம். அவருடைய மனைவி உள்ளே வந்தார். முந்தின நாள் வந்தபோது கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்று, திட்டு வாங்கிக்கொண்டு போனவர். இன்றும் அதே தூரத்தில் நின்றார்.

"ஏன் நின்னுக்கிட்டே இருக்க? கால் வலிக்கும்லா. உக்காரு" என்றார் கணவர்.

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. நான்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். கணவர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சாப்பிட்டியா? ரொம்ப மெலிஞ்சிட்ட" என்றார். அந்த அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். வெளியே வந்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, என்ன மருந்து குடுத்தீக? நீங்க நல்லா இருக்கணும்."

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "அம்மா, வீட்டுல எப்பவாவது இப்படிப் பேசுவாங்களா?"

யோசித்தார். "ஒரு தடவை பேசினாக. மூத்தவன் பொறந்த அன்னைக்கு."

"மூத்தவருக்கு இப்ப என்ன வயசு?"

"முப்பத்தேழு" என்றார்.

அந்த மூத்தவர் பக்கத்தில்தான் நின்றார். மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது என்றேன். "அப்பா இப்பத்தான் நல்லாருக்காக. பொறவு எதுக்கு ஸ்கேன்?" என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் ஒரு குடும்பத்தின் சந்தோஷத்தைக் கெடுக்க வந்தவன் மாதிரி நின்றேன். உண்மையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் குவாலிட்டி மேடம் வந்தார். கையில் ஒரு படிவம். நோயாளிகளிடம் கருத்துக் கேட்டு வாங்கும் படிவம் அது.

"பிரதர், பாருங்க! நாலாம் படுக்கை எல்லாத்துக்கும் ‘மிக நன்று’ போட்டிருக்கார். ஐசியூவுல முதல் தடவை!"

வாங்கிப் பார்த்தேன். சுத்தம் மிக நன்று. ஊழியர் நடத்தை மிக நன்று. உணவு மிக நன்று. கீழே கருத்து என்ற இடத்தில், ‘உப்புமா அருமை’ என்று கோணல் எழுத்தில் எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தார்.

அதை அப்படியே எடுத்துக்கொண்டு டியூட்டி டாக்டரிடம் ஓடினேன். மேசையில் வைத்தேன். டாக்டரும் அதே கேன்டீனில்தான் காலையில் சாப்பிடுகிறவர். படிவத்தை மேலிருந்து படித்துக்கொண்டே வந்தார். கடைசி வரிக்கு வந்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நம்ம உப்புமாவையா?"

"ஆமா டாக்டர்."

இருவரும் படுக்கைக்குப் போனோம். கண்ணை மூடிக் கையை நீட்டச் சொன்னேன். நீட்டினார். வலது கை நின்றது. இடது உள்ளங்கை மெதுவாக உட்பக்கம் திரும்பி, கை ஒரு சாண் இறங்கியது. அவருக்கு அது தெரியவில்லை. இரண்டு கையும் நேராக இருப்பதாக நினைத்துக்கொண்டு சிரித்தபடி இருந்தார். டாக்டரின் முகம் மாறியது. அப்போதும் அளவுகோல்படி பதினைந்துதான். சொன்னதைச் செய்துவிட்டாரே.

டாக்டர் மூளை அறுவை நிபுணருக்குப் போன் போட்டார். அவர் மூன்று ஊர் மருத்துவமனைகளுக்கு ஓடுகிறவர், பேச்சு எப்போதும் சுருக்கம். டாக்டர் விவரம் சொல்லிக்கொண்டே இருந்தவர், சட்டென்று போனை என்னிடம் நீட்டினார். "உங்களைக் கேக்கிறார்."

"நேத்து எப்படிப் பேசினாரு?" என்றார் நிபுணர்.

"கொஞ்சம் கோபமா சார்."

"கோபமான்னா? அவர் பேசினதை அப்படியே சொல்லுங்க."

என்னைச் சுற்றி டாக்டர், குவாலிட்டி மேடம், நோயாளியின் மகன், மனைவி. வேறு வழியில்லை. சுவர் பூசுவதில் ஆரம்பித்து, ஊசி போட்ட சிஸ்டருக்குக் கிடைத்தது, என் பிறப்பைப் பற்றிச் சொன்னது வரை ஒவ்வொன்றாக ஒப்பித்தேன். மேடம் காதில் விழாத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகன் மட்டும் நடு நடுவே தலையாட்டி, "ஆமா, அப்பா அப்படித்தான் பேசுவாக" என்று சாட்சி சொன்னார்.

"இன்னைக்கு?"

"சாப்பிட்டீங்களான்னு கேட்டாரு சார்."

"ஸ்கேனுக்குக் கொண்டு போங்க. நான் வாரேன்" என்று வைத்துவிட்டார்.

முந்தின நாள் மெல்லிய கோடாக இருந்தது இப்போது பட்டையாகி, மூளையை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்குள் தியேட்டர் தயாரானது. தள்ளுவண்டியில் போகும்போது அவர் வழியில் நின்ற எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே போனார். மகன் காகிதங்களில் கையெழுத்துப் போடப் போய்விட்டார். அந்த அம்மா மட்டும் என் பக்கத்தில் நின்றார்.

"அப்பம் அவுக அன்பாப் பேசினது நல்லதுக்கு இல்லையா தம்பி?"

"இல்லம்மா."

முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நெனச்சேன்" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் தொண்டைக் குழாயை எடுத்தார்கள். ஒருநாள் முழுக்க முனகிக்கொண்டு கிடந்தார். அதற்கடுத்த நாள் காலையில் நான் கன்னத்தைத் தட்டிக் கூப்பிட்டபோது கண் திறந்தார். வாய்க்குள் ஒரு ஸ்பூன் காப்பி விட்டேன். முகத்தைச் சுளித்தார்.

"ஏலே, எந்தப் பய இதைப் போட்டான்?"

ஸ்பூனைக் கீழே வைத்தேன். கண்ணாடிக்கு வெளியே நின்ற அந்த அம்மாவிடம் ஓடினேன்.

"பேசிட்டாங்கம்மா."

"என்ன சொன்னாக?"

சொன்னேன். அந்த அம்மா சுவரோரமாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, கட்டிலுக்கு இரண்டடி தள்ளிப் போய் நின்றார்.

மருத்துவமனை இதைச் சும்மா விடவில்லை. கூட்டம் போட்டார்கள். ரத்தக்கசிவு சரியான நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்டதற்குக் காரணம் எங்கள் கருத்துப் படிவ முறைதான் என்று முடிவாயிற்று. ஒரு வகையில் மறுக்கவும் முடியாது. நான் எழுதிய குறிப்பைக் காட்டி, இது எந்தக் கட்டத்தின் கீழ் வரும் என்று மேடம் கேட்டார். எந்தக் கட்டத்திலும் வராது என்றேன். அது அவருக்குத் தாங்கவில்லை. அடுத்த வாரமே புது கட்டம் அச்சாகி வந்தது: ‘நோயாளியின் வழக்கமான சுபாவம்: சாது / கோபக்காரர்.’ வீட்டாரைக் கேட்டு நிரப்ப வேண்டும். உண்மையிலேயே நல்ல கேள்வி அது. நான் மேடத்தைப் பாராட்டினேன். இரண்டு வாரத்துக்குள் எங்கள் ஆட்கள் எல்லா நோயாளிக்கும் முன்கூட்டியே ‘சாது’ போட்டுவைக்கப் பழகிவிட்டார்கள்.

‘உப்புமா அருமை’ படிவத்துக்கு பிளாஸ்டிக் உறை போட்டு வரவேற்பில் மாட்டினார்கள். ஐசியூவுக்குக் கிடைத்த முதல் முழு மதிப்பெண் அல்லவா.

ஒரு மாதம் கழித்து அவர் பரிசோதனைக்கு வந்தார். தலையில் முடி அரும்பியிருந்தது. வரவேற்பில் சத்தம் கேட்டு நான் போய்ப் பார்த்தபோது, அந்தப் படிவத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"எவம்லே என் கையெழுத்தைப் போட்டு உப்புமா நல்லாருக்குன்னு எழுதினவன்? கள்ளக் கையெழுத்தா போடுதீக?"

வரவேற்பில் இருந்த பெண் என்னைக் கை காட்டினார். அண்ணாச்சிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "நீ யாரு?" என்றார். நர்ஸ் என்றேன். "ஆம்பளைக்கு இது ஒரு வேலையா?" என்றார். மனதுக்குள் பேச்சுக்கு ஐந்து போட்டுக்கொண்டேன்.

அவர் காரை எடுத்துவரச் சொல்லி டிரைவரைத் திட்டிக்கொண்டே வாசலுக்குப் போனார். அந்த அம்மா மருந்துச் சீட்டோடு பின்னால் நின்றுவிட்டார். என் பக்கத்தில் வந்து, யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். அன்னைக்குச் சாயங்காலம் என் கையைப் புடிச்சிப் பேசினாகள்லா?"

"ஆமாம்மா."

"அது அவுக பேசினதா, இல்ல அந்த ரத்தக்கட்டு பேசினதா?"

பதினாறு வருடத்தில் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறேன், என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். இதை அளக்க எந்த அளவுகோலும் கிடையாது. டாக்டரைக் கேட்டாலும் தெரிந்திருக்காது. அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவுகதாம்மா" என்றேன்.

தலையை ஆட்டினார். மருந்துச் சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். வாசலில் கார் ஹாரன் விடாமல் அடித்தது. "வாரேன் தம்பி" என்று சொல்லிவிட்டு, அவசரப்படாமல் நடந்து போனார்.